கைபேசியே காரின் சாவி: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

வாகனங்களின் மின்னணுப் பூட்டுகளைச் சோதிக்கும் பணியில் 16 ஆண்டுகள் இருந்தேன். இப்போது ஜெர்மனியில் டெஸ்லா மாடல் 3 ஓட்டுகிறேன். ஐந்து ஆண்டுகளாகக் கைபேசிதான் என் முதன்மைச் சாவி. கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன்.

கோவை வாசகர்: கைபேசி காரை எப்படித் திறக்கிறது? இணையம் இல்லாத இடத்தில் என்ன ஆகும்?

மூன்று வேறு வழிகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதல் வழி புளூடூத். கைபேசியை ஒருமுறை காருடன் இணைத்துவிட்டால், இரண்டும் தங்களுக்குள் ரகசிய எண்களைப் பரிமாறிக்கொள்கின்றன. பிறகு நீங்கள் அருகில் வந்து கைப்பிடியை இழுக்கும்போது, கார் ஒரு புதிருக்கு விடை கேட்கிறது, கைபேசி சட்டைப்பையில் இருந்தபடியே விடை சொல்கிறது. 2017 இல் மாடல் 3 இப்படித்தான் வந்தது. இதற்கு இணையம் தேவையில்லை. இரண்டாவது வழி என்எஃப்சி: மெட்ரோ அட்டையைப் போலக் கைபேசியையோ சாவி அட்டையையோ காரில் தொட்டுக் காட்டுவது. மூன்றாவது, செயலியைத் திறந்து 'திற' என்ற பொத்தானை அழுத்துவது. இந்தக் கட்டளை பொதுவாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து காருக்குத் திரும்பி வருகிறது.

2021 நவம்பரில் டெஸ்லாவின் சர்வர் முடங்கியபோது பல நாடுகளில் உரிமையாளர்கள் காருக்கு வெளியே நின்றார்கள். மூன்றாவது வழியை மட்டுமே நம்பி, அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்களுக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. அட்டை எப்போதும் பணப்பையில் இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சென்னை வாசகர்: கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்?

மாடல் 3 இல் புளூடூத் சாவி வேலை செய்யாது. அட்டை வேலை செய்யும். அதற்குள் பேட்டரியே கிடையாது, காரில் உள்ள படிப்பான் தரும் மின்காந்த அலையிலிருந்தே அது தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய தூணில் அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஆப்பிள் வாலட்டில் சாவியைச் சேமிக்க அனுமதிக்கும் கார்களில் இன்னொரு வசதி உண்டு: ஐபோன் சார்ஜ் தீர்ந்து அணைந்த பிறகும் ஐந்து மணி நேரம் வரை என்எஃப்சி சாவி வேலை செய்யக்கூடும். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தை நம்பி யாரும் அட்டையை வீட்டில் வைக்க வேண்டாம். ஒரு குளிர்கால இரவில், நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில், அணைந்த கைபேசியோடு நாற்பது நிமிடம் நின்ற பிறகுதான் நானே அந்தப் பாடத்தைக் கற்றேன்.

டல்லாஸ் வாசகர்: சாவியைத் தொடாமலேயே காரைத் திருட முடியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2022 மே மாதத்தில் என்சிசி குரூப் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் சுல்தான் காசிம் கான் இதை ஒரு மாடல் 3 காரில் செய்து காட்டினார். காரிலிருந்து சுமார் 25 மீட்டர் தொலைவில், வீட்டின் மேல்மாடியில் கைபேசி இருந்தது. ஒரு கருவியைக் கைபேசிக்கு ஏழு மீட்டர் தள்ளியும் இன்னொன்றைக் காருக்கு மூன்று மீட்டர் அருகிலும் வைத்து, இரண்டுக்கும் இடையே சிக்னலைக் கடத்தினார். கைபேசி பக்கத்தில் இருப்பதாகவே கார் நினைத்துக்கொண்டது. கதவும் திறந்தது, வண்டியும் கிளம்பியது. இதைத் தடுக்க உங்களால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஓட்டுவதற்கு முன் நான்கு இலக்க ரகசிய எண் (பின் எண், PIN) கேட்கும் வசதியை இயக்குங்கள். கதவு திறப்பதை அது தடுக்காது, வண்டி நகர்வதைத் தடுக்கும்.

பெங்களூரு வாசகர், மென்பொருள் பொறியாளர்: புளூடூத் தகவல் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டது. அதை உடைக்காமல் காரைத் திறக்க முடியாது. நீங்கள் மக்களை வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

இந்த மறுப்பை இதே துறையில் இருப்பவர்களிடமிருந்தே பலமுறை கேட்டிருக்கிறேன் என்பதால் முழுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். குறியாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. உங்கள் குடியிருப்பின் காவலாளி, வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் வாயிலைத் திறப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயிலில் நிற்கும் திருடன் அந்தக் கேள்வியைத் தாம்பரத்தில் இருக்கும் தன் கூட்டாளிக்குத் தொலைபேசியில் சொல்கிறான். கூட்டாளி உங்களையே ஏமாற்றிக் கேட்டு, நீங்கள் சொன்ன சரியான விடையைத் திருப்பி அனுப்புகிறான். கேள்வியின் பொருளோ விடையின் பொருளோ திருடனுக்குத் தெரிய வேண்டியதில்லை. விடை சரியா என்று காவலாளி பார்த்தார். அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை.

அதே பெங்களூரு வாசகர்: அப்படிக் கடத்தினால் தாமதம் ஏற்படுமே, அதைக் கார் கண்டுபிடிக்காதா?

சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அந்தச் சோதனையில் கடத்தலால் கூடிய தாமதம் ஏறக்குறைய எட்டு மில்லி நொடி. புளூடூத்தில் இரு கருவிகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடைவெளியே குறைந்தது ஏழரை மில்லி நொடி. பல நேரங்களில் அதைவிட மிக அதிகம். எனவே எட்டு மில்லி நொடி அங்கே வழக்கமான தள்ளாட்டத்துக்குள் மறைந்துவிடுகிறது. ஆனால் எட்டு மில்லி நொடியில் ரேடியோ அலை 2,400 கிலோமீட்டர் போய்விடும். சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே உள்ள வான்வழித் தொலைவைவிட அது அதிகம். தூரத்தை நேரத்தால் அளக்க வேண்டுமானால் நானோ நொடிக் கணக்கில் அளக்கும் கடிகாரம் வேண்டும். ஒரு நானோ நொடியில் அலை 30 சென்டிமீட்டர்தான் நகரும். அல்ட்ரா வைட்பேண்ட் என்ற தொழில்நுட்பம் அதைத்தான் செய்கிறது. கார் மற்றும் கைபேசி நிறுவனங்களின் பொதுக் கூட்டமைப்பு 2021 இல் வெளியிட்ட டிஜிட்டல் சாவித் தரத்தின் மூன்றாம் பதிப்பு அதை உள்ளடக்கியது.

மியூனிக் வாசகர்: அப்படியானால் அல்ட்ரா வைட்பேண்ட் சிப் உள்ள காரை வாங்கினால் கவலை இல்லைதானே?

சிப் இருப்பது வேறு, அதை வைத்துத் தூரத்தைக் கட்டாயமாகச் சோதிப்பது வேறு. 2024 இல் சீனாவின் கோகோபைட் ஆய்வாளர்கள், அந்தச் சிப் உள்ள புதிய மாடல் 3 காரையும் பழைய புளூடூத் கடத்தலாலேயே திறந்து ஓட்டிக் காட்டினார்கள். நம்பகத்தன்மையை மேம்படுத்தும் பணி முடிந்த பிறகே தூர அளவீடு கட்டாயமாக்கப்படும் என்று டெஸ்லா அவர்களுக்குப் பதில் எழுதியது. ஆகவே விற்பனையாளரிடம் 'சிப் இருக்கிறதா' என்று கேட்காமல், 'சிக்னலைக் கடத்தினால் கார் மறுக்குமா' என்று கேளுங்கள். பின் எண்ணையும் இயக்கியே வையுங்கள்.

மதுரை வாசகர்: கைபேசி அணைந்துவிட்டால் காரை எப்படித் திறப்பது?

சென்னை வாசகருக்குச் சொன்ன பதில்தான். அட்டை.

திருச்சி வாசகர்: சில நாள்களில் கைப்பிடியை மூன்று முறை இழுத்தால்தான் கதவு திறக்கிறது.

பின்பாக்கெட்டில் கைபேசியை வைப்பவராக இருக்கலாம், புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நிறைந்த நம் உடல் நன்றாகவே உறிஞ்சும். ஆண்ட்ராய்டாக இருந்தால், பேட்டரியைச் சேமிப்பதற்காகக் கைபேசி அந்தச் செயலியைப் பின்னணியில் நிறுத்திவிடுகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்.

சேலம் வாசகர்: கார் திருடுபோனால் காப்பீடு கிடைக்குமா?

என் துறை அல்ல. உங்கள் பாலிசியை எழுதிய நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: பயன்படுத்திய கார் வாங்குகிறேன். சாவி விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

காரின் திரையில் சாவிப் பட்டியலைத் திறந்து, உங்களுடையவை தவிர மற்ற அனைத்தையும் நீக்குங்கள். மாடல் 3 இல் 19 சாவிகள் வரை சேர்க்கலாம். பழைய உரிமையாளரின் மருமகனுடைய கைபேசி அதில் இருக்கலாம். கணக்கு உரிமையும் உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும், கடவுச்சொல்லும் வலுவாக இருக்க வேண்டும். 2024 இல் மிஸ்க் என்ற ஆய்வுக் குழுவினர், சார்ஜிங் நிலையத்தில் போலி வைஃபை அமைத்து உரிமையாளரின் கணக்கு விவரங்களைப் பெற்றுவிட்டால், அவருக்குத் தெரியாமலேயே புதிய கைபேசியைச் சாவியாகச் சேர்க்க முடியும் என்று காட்டினார்கள். அறிமுகமற்ற வைஃபையில் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யாதீர்கள்.

ஈரோடு வாசகர்: போன் சார்ஜ் இல்லாதபோது…

மூன்றாவது முறையாக இதே கேள்வி வருகிறது. மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்; இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

யாழ்ப்பாண வாசகர்: காரின் பேட்டரியே செத்துப்போனால் அட்டையும் உதவாதா?

இதுவரை யாரும் கேட்காத நல்ல கேள்வி. பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும், பூட்டுகளையும் படிப்பானையும் இயக்குவது 12 வோல்ட் அளவிலான சிறிய பேட்டரிதான். அது செத்தால் கைபேசி, அட்டை இரண்டும் பயனற்றவை. மாடல் 3 இல் முன் பம்பரில் உள்ள ஒரு சிறு மூடியைக் கழற்றினால் இரண்டு கம்பிகள் வெளிவரும். அவற்றுக்கு வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் முன்பெட்டி திறக்கும், அங்கிருந்து சிறிய பேட்டரியை எட்டலாம். உங்கள் காரில் அந்த இடம் எங்கே என்று இன்றே கையேட்டில் பார்த்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வீட்டில் இன்னொருவரின் கைபேசியிலும் வையுங்கள். கையேட்டைக் காருக்குள் பூட்டிவைத்துவிட்டு வெளியே நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திருநெல்வேலி வாசகர்: அப்பாவுக்கு 74 வயது. பொத்தான் போன்தான் வைத்திருக்கிறார். அவர் ஓட்ட முடியுமா?

தாராளமாக. அவருக்கென்று தனி அட்டை ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். அதைக் கம்பியில்லாச் சார்ஜர் பலகையின் மேல் வைக்கக் கூடாது என்று சொல்லுங்கள், அந்த அலை அட்டையின் சிப்பைக் கெடுக்கக்கூடும். வண்டி கிளம்பும் முன் பின் எண்ணை அவர் கையாலேயே இரண்டு மூன்று முறை தட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.