ஷாபாஸ் பட்டியும் ஐந்து சதவீதமும் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாகிஸ்தானின் கிறிஸ்தவ அமைச்சர் ஷாபாஸ் பட்டி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். மத நிந்தனைச் சட்டம் தவறாகப் பயன்படுவதை அவர் எதிர்த்ததையும், 2011 மார்ச் 2 அன்று இஸ்லாமாபாதில் சுட்டுக் கொல்லப்பட்டதையும் விரிவாக எழுதியிருந்தீர்கள். அவர் அமைச்சராக இருந்தபோது அரசுப் பணியில் சிறுபான்மையினருக்கு 5 சதவீத ஒதுக்கீடு வந்தது என்பது ஒரே வரியில் முடிந்துவிட்டது. நான் திருச்சியில் ஒரு துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு அந்த வரிதான் முக்கியம். ஒதுக்கீடு வந்து இவ்வளவு ஆண்டுகள் ஆகியும் லாகூரிலும் கராச்சியிலும் சாக்கடைக்குள் இறங்குகிறவர் பெரும்பாலும் கிறிஸ்தவராகவே இருக்கிறாரே, எப்படி? நாடாளுமன்றத்தில் சிறுபான்மையினருக்கென்று பத்து இடங்கள் உண்டு என்கிறார்கள். அவர்களால் ஏன் ஒன்றும் ஆகவில்லை? பட்டி தொழிலாளிக்கு விட்டுச் சென்றது என்ன?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அந்த 5 சதவீதத்திலிருந்தே தொடங்குகிறேன். 2009 மே மாதம் பாகிஸ்தான் மத்திய அரசு ஒரு சுற்றாணை வெளியிட்டது. நேரடி நியமனம் நடக்கும் மத்திய அரசுப் பணிகளில், உயர் குடிமைப் பணித் தேர்வு உட்பட, 5 சதவீதம் முஸ்லிம் அல்லாதோருக்கு. பொதுப் போட்டியில் மதிப்பெண்ணால் தேறுகிறவரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தகுதியான ஆள் கிடைக்காத இடம் காலாவதியாகாமல் அடுத்த நியமனத்துக்குப் போகும். பதவி உயர்வுக்கு இது பொருந்தாது. அடுத்த ஆண்டு பஞ்சாப் மாகாணமும் இதே அளவை அறிவித்தது. எழுதப்பட்ட வரையில் இது நல்ல ஆணை. கெடுவது அலுவலக மேசையில்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு துறை 8 எழுத்தர், 6 தட்டச்சர், 4 ஓட்டுநர், 20 துப்புரவாளர் என்று 38 பேருக்கு விளம்பரம் கொடுக்கிறது என்று வையுங்கள். பணிவாரியாகப் பிரித்தால் எழுத்தரில் 5 சதவீதம் 0.4, தட்டச்சரில் 0.3, ஓட்டுநரில் 0.2. ஒன்றுகூட முழு ஆளாகத் தேறாததால் மூன்றும் பூஜ்யமாகிவிடும். துப்புரவாளரில் ஒன்று தேறும். ஆனால் அந்த இருபதுக்கும் வழக்கப்படி கிறிஸ்தவர்களையே எடுப்பார்கள். ஆண்டறிக்கை எழுதும்போது 38-ல் 20 பேர் சிறுபான்மையினர், அதாவது ஏறத்தாழ 53 சதவீதம் என்று வரும். ஒதுக்கீடு பத்து மடங்கு நிறைவேறியதாகக் காட்டி கோப்பை மூடிவிடலாம். எழுத்தர் நாற்காலியில் ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இதற்கு மருந்து உங்களுக்குத் தெரிந்ததுதான்: இனச்சுழற்சிப் பதிவேடு. ஒவ்வொரு பணிப்பிரிவுக்கும் தனிப் பதிவேடு வைத்து, ஒரு விளம்பரத்தில் எத்தனை இடம் என்று பார்க்காமல் ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கையைத் தொடர்ந்து கொண்டுபோனால், இருபது காலியிடங்களுக்கு ஒன்று கட்டாயம் வந்துதீரும். இத்துடன் துப்புரவுப் பணியை ஒதுக்கீட்டுக் கணக்கிலிருந்தே நீக்க வேண்டும். அங்கே ஊதியப் படிநிலை 1 முதல் 22 வரை. மொத்த எண்ணிக்கையை மட்டும் கேட்டால் முதல் படியில் இருப்பவர்களைக் காட்டி மற்ற இருபத்தொரு படிகளையும் மறைத்துவிடலாம். ஆகவே எண்ணிக்கையைப் படிநிலைவாரியாகக் கேட்பதுதான் சரி.

மேல்படிகளில் இடம் காலியாக நிற்பதற்கு வேறு காரணமும் உண்டு. குடிமைப் பணித் தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்காதவருக்கு ஒதுக்கீடு உதவாது. பள்ளியை எட்டாம் வகுப்போடு விட்ட குடும்பத்திலிருந்து அந்தத் தேர்வுக்கு எத்தனை பேர் போக முடியும்? தொழிற்கல்விச் சேர்க்கையில் குர்ஆனை மனனம் செய்தவருக்குக் கூடுதலாக 20 மதிப்பெண் தரும் வழக்கமும் உண்டு. அந்தப் போட்டியில் கிறிஸ்தவ மாணவர் முதல் அடியிலேயே பின்தங்குகிறார். உயர்கல்வியில் 2 சதவீத ஒதுக்கீட்டைப் பஞ்சாப் மாகாணம் 2020-ல்தான் கொண்டுவந்தது. வேலை ஒதுக்கீடு வந்து பதினோரு ஆண்டுகள் கழித்துப் படிப்பு ஒதுக்கீடு வந்திருக்கிறது. ஒன்றாக வந்திருக்க வேண்டியவை இவை.

துப்புரவு எப்படிக் கிறிஸ்தவர் தலையில் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1870-களிலிருந்து பஞ்சாபில் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சூஹ்ரா என்ற தீண்டப்படாத சாதியினர். ஊரில் தோட்டி வேலையும் பண்ணை வேலையும் செய்து, அறுவடையில் பங்கு நெல்லோ கோதுமையோ கூலியாகப் பெற்றவர்கள். 1947-ல் சீக்கிய, இந்து நிலக்காரர்கள் எல்லை தாண்டினார்கள். அந்த நிலங்கள் கிழக்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளுக்குக் கொடுக்கப்பட்டன. புதிதாக வந்தவர்கள் தாங்களே உழுதார்கள், பண்ணையாள் தேவைப்படவில்லை. இப்படி வெளியேற்றப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக 1950-களின் தொடக்கத்தில் பஞ்சாப் சட்டமன்றத்தில் குரல் எழுப்பியவர் சி. ஈ. கிப்பன். குரல் பதிவானதே தவிர நிலம் கிடைக்கவில்லை. அவர்கள் நகரங்களுக்கு வந்து, நகராட்சி வேலைக்குப் போனார்கள். மதம் மாறியும் சாதி கூடவே வந்தது. 'முஸ்லிம் அல்லாதோர் மட்டும் விண்ணப்பிக்கலாம்' என்று துப்புரவு வேலைக்கு வரும் விளம்பரத்தைச் சலுகை என்று சிலர் வாதாடுகிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். பிறப்பைப் பார்த்துத் துடைப்பத்தைக் கையில் கொடுக்கும் அறிவிப்பு அது.

இப்போது அந்தப் பத்து இடங்கள். அவை கிறிஸ்தவர்களுக்கு மட்டுமானவை அல்ல, இந்துக்கள் உட்பட எல்லாச் சிறுபான்மையினருக்கும் சேர்த்து. ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில், 1985 முதல், தனித் தொகுதி முறை இருந்தது. கிறிஸ்தவர் கிறிஸ்தவருக்கே வாக்களிக்க வேண்டும். முழு நாடும் ஒரே தொகுதி. கராச்சியிலிருந்து பெஷாவர் வரை ஒரு வேட்பாளர் எப்படி ஓட்டுக் கேட்பார்? அதைவிட மோசமானது, உள்ளூர் முஸ்லிம் உறுப்பினருக்குக் கிறிஸ்தவக் குடியிருப்பின் ஓட்டே தேவையில்லாமல் போனது. தண்ணீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் யாரிடம் போய் நிற்பது? 2002-ல் அந்த முறை நீங்கி எல்லோரும் பொதுத் தொகுதியில் வாக்களித்தார்கள். ஆனால் பத்து இடங்களும் கட்சிப் பட்டியலுக்குப் போய்விட்டன. ஒவ்வொரு கட்சியும் பெயர்களை வரிசைப்படுத்தித் தேர்தல் ஆணையத்திடம் முன்கூட்டியே கொடுக்கும். பொதுத் தொகுதிகளில் வென்ற எண்ணிக்கைக்கு ஏற்ப இடங்கள் பிரியும். இன்றைய கணக்கில் 266 பொதுத் தொகுதிக்கு 10 என்றால், ஏறத்தாழ 27 தொகுதி வென்ற கட்சிக்கு ஒரு சிறுபான்மை உறுப்பினர். வரிசையில் முதல் பெயர் யாருடையது என்பதைத் தீர்மானிப்பது கட்சித் தலைமை.

விளைவு என்னவென்றால், அந்த உறுப்பினருக்குத் தொகுதியும் இல்லை, அவரைத் தோற்கடிக்கக்கூடிய வாக்காளரும் இல்லை. நம்பிக்கை வாக்கெடுப்பு, நிதி மசோதா, அரசியல் சட்டத் திருத்தம் ஆகியவற்றில் கட்சிக் கட்டளையை மீறினால் பதவி போகும். அதையும் மீறிச் சிலர் முயல்கிறார்கள். நவீத் ஆமிர் ஜீவா என்ற கிறிஸ்தவ உறுப்பினர் 2019-ல், குடியரசுத் தலைவரும் பிரதமரும் முஸ்லிமாகவே இருக்க வேண்டும் என்ற பிரிவுகளைத் திருத்தக் கேட்டுத் தனிநபர் மசோதா கொண்டுவர முயன்றார். அவை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. இவரைக் கையாலாகாதவர் என்று திட்டுவது எளிது. ஆனால் அவருடைய நாற்காலியே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. இன்னொன்றையும் பாருங்கள்: 1985-க்கும் 2002-க்கும் இடையில் பொதுத் தொகுதிகள் 207-லிருந்து 272 ஆயின, சிறுபான்மை இடம் பத்தாகவே நின்றது.

பட்டியும் 2008-ல் பாகிஸ்தான் மக்கள் கட்சியின் பட்டியல் வழியாக வந்தவர்தான். அவருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வேறுபாடு, அவர் பட்டியலுக்கு முன்பே களத்தில் இருந்தவர் என்பது. ஃபைசலாபாத் மாவட்டத்துக் குஷ்பூர் கிராமத்தை வேராகக் கொண்டவர். 1985-லேயே இளைஞர்களைத் திரட்டி அமைப்பு கண்டார். 2002-ல் அனைத்துச் சிறுபான்மையினர் கூட்டணியை உருவாக்கினார். கட்சிக்கு அவர் தேவைப்பட்டார், அதனால் அவரால் பேரம் பேச முடிந்தது. சிறுபான்மை விவகாரத்துக்கு முழு அமைச்சர் பதவி, 5 சதவீதம், ஆகஸ்ட் 11 சிறுபான்மையினர் நாள், 2010-ல் மேலவையில் நான்கு இடங்கள் எல்லாம் அந்தப் பேரத்தில் கிடைத்தவை. 2009 ஆகஸ்டில் கோஜ்ராவில் கிறிஸ்தவர் வீடுகள் கொளுத்தப்பட்டு ஆட்கள் இறந்தபோது அங்கே நேரில் போய் நின்றார்.

அவர் கொல்லப்பட்ட சில மாதங்களில், பல துறைகளை மாகாணங்களுக்கு மாற்றிய 18-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் தொடர்ச்சியாக அந்த அமைச்சகம் மத்தியில் கலைந்தது. அதன் இடத்தில் தேசிய நல்லிணக்க அமைச்சகம் என்று ஒன்று வந்தது. 2013-ல் அதுவும் சமய விவகார அமைச்சகத்தோடு சேர்க்கப்பட்டது. ஒதுக்கீட்டைத் துறை துறையாகப் போய்க் கேட்கும் மேசை இல்லாமல் போனது. 5 சதவீதம் தேங்கியதற்கு எல்லாக் காரணங்களிலும் நான் முதன்மையாகக் கருதுவது இதைத்தான். 2014 ஜூன் 19 அன்று தலைமை நீதிபதி ஜிலானி தந்த தீர்ப்பு ஒதுக்கீட்டை அமல்படுத்தச் சொன்னது. அந்தத் தீர்ப்பை அமல்படுத்த 2019-ல் உச்ச நீதிமன்றமே தனியாக ஒரு நபர் குழு வைக்க வேண்டியிருந்தது.

ஒதுக்கீடு தொடாத இடம் ஒன்று இருக்கிறது, அங்கேதான் ஆட்கள் சாகிறார்கள். நகராட்சிப் பணி ஒப்பந்தத்துக்குப் போகப் போக, நிரந்தர நியமனம் சுருங்குகிறது. தினக்கூலியை 89 நாளுக்கு எடுத்து, ஒரு நாள் விட்டு, மறுபடி 89 நாளுக்கு எடுக்கிறார்கள். தொடர்ச்சி அறுந்துவிடுவதால் நிரந்தரம் கேட்க முடியாது. முதியோர் ஓய்வூதிய நிதிக்கு முதலாளி 5 சதவீதமும் தொழிலாளி 1 சதவீதமும் கட்ட வேண்டும். ஓய்வூதியம் பெறப் பதினைந்து ஆண்டுப் பதிவு வேண்டும். பதிவே செய்யாத ஒப்பந்ததாரரிடம் இருபது ஆண்டு உழைத்தவர் கடைசியில் வெறுங்கையோடு போகிறார்.

குழிக்குள் நடப்பது உங்கள் ஊரிலும் அதேதான். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி ஆள் இறங்குவார். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம். மேலே நின்று பார்த்தால் வாயு இல்லாததுபோல் இருக்கும். சகதியைக் கிளறும்போது ஒரேயடியாக வெளிவரும். முன்னும் பின்னும் உள்ள குழி மூடிகளைக் குறைந்தது ஒரு மணி நேரம் திறந்து வைத்து, காற்றை உள்ளே செலுத்தும் ஊதுகுழல் போட்டு, வாயுமானியை மேல், நடு, அடி என மூன்று மட்டத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும். கிளறிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் இறங்கவே கூடாது. துணி முகக்கவசம் ஆக்சிஜன் தராது. இடுப்புவாரும் கயிறும் ஆளை மேலே தூக்கும் முக்காலியும் மேலே இரண்டு பேரும் இருந்தால், மயங்கியவரை இழுத்துவிடலாம். இல்லையென்றால் காப்பாற்றக் குதிக்கிறவர் அடுத்ததாகச் சாவார். 2017 ஜூனில் சிந்து மாகாணத்து உமர்கோட்டில் சாக்கடையில் மயங்கிய தொழிலாளியை, உடலில் சகதி இருக்கிறது, நோன்பு கெடும் என்று சொல்லி மருத்துவர்கள் உடனே தொடவில்லை என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். அவர் இறந்துபோனார்.

பட்டி ஒரு பக்கம் இருக்க, தொழிலாளிகள் தாங்களே வென்ற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1988-ல் பஞ்சாபின் செங்கல் சூளைத் தொழிலாளிகள் சிலர், முன்பணக் கடனுக்காக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தலைமை நீதிபதிக்குத் தந்தி கொடுத்தார்கள். நீதிமன்றம் தந்தியையே மனுவாக எடுத்தது. தர்ஷன் மசீஹ் வழக்கு என்று அது பெயர்பெற்றது. மழையில் கரைந்த, இன்னும் சுடாத பச்சைச் செங்கல்லுக்குக் கூலியில் பிடிக்கக் கூடாது என்பதுவரை உத்தரவு வந்தது. 1992-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதன் வழியில் வந்தது. இன்றும் சூளையில் கடன் கணக்கு முதலாளியின் கணக்குப்பிள்ளையிடமே இருக்கிறது. தொழிலாளியிடம் நகல் இல்லாதவரை அந்தச் சட்டம் பாதிதான் வேலை செய்யும்.

பட்டி விட்டுச் சென்றது, யாரும் எடுத்துக் கேட்கக்கூடிய ஓர் அரசாணை. பாகிஸ்தானில் பஞ்சாபுக்கு 2013-லும் மத்திய அரசுக்கு 2017-லும் தகவல் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு துறையிடமும் 2009 முதல் பணிப்பிரிவுவாரியாக எத்தனை காலியிடம், எத்தனை ஒதுக்கப்பட்டது, எத்தனை நிரப்பப்பட்டது, எத்தனை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகப்பட்டது என்று கேட்கலாம். துப்புரவுப் பணியை நீக்கிவிட்டுக் கேட்க வேண்டும்.

உங்கள் சங்கத்துக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. இந்தியாவில் 2013-ன் சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடையில் இறக்குவதைத் தடை செய்கிறது, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இறப்புக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. இரண்டும் ஆள் இறந்த பிறகுதான் பேச்சுக்கு வருகின்றன. உங்கள் மாநகராட்சியின் ஒப்பந்தப் புள்ளி ஆவணத்தைத் தகவல் உரிமையில் வாங்குங்கள். வாயுமானி, ஊதுகுழல், இடுப்புவார், முக்காலி ஆகியவற்றுக்குத் தனித் தலைப்பில் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். 'இதரச் செலவு' என்று மொத்தமாகப் போட்டிருந்தால் அந்தப் பொருட்கள் வாங்கப்பட்டிருக்காது. அந்தத் தொகைக்கான பற்றுச்சீட்டுகளையும் சேர்த்துக் கேளுங்கள்.