மாப்பிள்ளையின் தலைப்பாகை

கேள்வி: மகனின் திருமணத்துக்காக வெள்ளவத்தையில் வாங்கிய தலைப்பாகையின் பின்புறம் நீண்ட வால் தொங்குகிறது. இது நமது வழக்கமா? (வாசகி, கொழும்பு 6)

பதில்: அது ராஜஸ்தானத்துச் 'சாஃபா'வின் சாயல். அங்கே ஏறக்குறைய 9 மீற்றர் துணியைத் தலையிலேயே சுற்றிக் கட்டி, ஒரு முனையை முதுகில் தொங்கவிடுவார்கள். கட்டின் வடிவமும் நிறமும் அணிந்தவரின் ஊரையும் சமூகத்தையும் காட்டிக்கொடுக்கும். வட இந்தியாவின் பல பகுதிகளில், குடும்பத் தலைவர் இறந்தபின் மூத்த மகனுக்கு உறவினர் முன்னிலையில் பாகை கட்டியே பொறுப்பைக் கையளிக்கிறார்கள். சீக்கியருக்கோ அது அலங்காரமன்று. 1699இல் குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியரின் அமைப்பான கால்சாவை நிறுவியது முதல், வெட்டாத கேசத்தோடு இணைந்த சமயக் கடமை. நம்மவரிடையே மாப்பிள்ளையும் தோழனும் அணிவது பெரும்பாலும் தைத்து வைத்த பாகைதான். இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தலைப்பாகைப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைச்சரக்கு சற்றுச் சப்பென்றிருக்கும். வால் உறுத்தினால் உள்ளே மடித்துத் தைத்துவிடுங்கள். முகூர்த்தத்துக்கு அதனால் குறையில்லை.