எட்டாம் நாள் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் பக்கம் சுன்னத்தை ஐந்து வயதிலும் வைக்கிறோம், ஏழு வயதிலும் வைக்கிறோம். யூதர்கள் எட்டாம் நாளை விடவே மாட்டார்களாமே, எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
— வாசகர், பரங்கிப்பேட்டை

பிறந்த நாளே முதல் நாள். திங்கள் மதியம் பிறந்த பிள்ளைக்கு அடுத்த திங்கள். ஆனால் அவர்களுக்குப் பொழுது சாய்ந்தாலே மறுநாள். திங்கள் இரவு எட்டு மணிக்குப் பிறந்தால் அது செவ்வாய்க் கணக்கு. சடங்கு பகலில்தான். ஓய்வுநாளான சனிக்கிழமையில் எட்டாம் நாள் விழுந்தாலும் நடக்கும். சிசேரியன் பிள்ளை என்றால் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள்.

விடவே மாட்டார்கள் என்பது சரியில்லை. உடம்பு முழுக்கப் பாதிக்கும் காய்ச்சல் போன்ற நோய் இருந்தால், குணமான பிறகு முழுதாக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். மஞ்சள்காமாலை இருந்தாலும் தள்ளிப்போடுவார்கள். அண்ணன்மார் இருவர் விருத்தசேதனத்தால் இறந்திருந்தால் மூன்றாமவனுக்குச் செய்யாதே என்கிறது யூதர்களின் பழைய சட்டநூலான தல்மூத். அம்மாவின் அக்காள் தங்கை பிள்ளைகள் இருவர் அப்படி இறந்திருந்தாலும் அதே விதி. ரத்தம் உறையாத ஹீமோபிலியா தாய்வழியில் வருவதை மருத்துவம் விளக்குவதற்குப் பல நூற்றாண்டு முன்பே எழுதியது இது. எட்டாம் நாளைவிட, தள்ளிப்போடத் தெரிந்த இந்த விதிகளைத்தான் மெச்ச வேண்டும்.

ஜனவரி 1-ஐ எங்கள் பாட்டி விருத்தசேதனத் திருநாள் என்பார். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
— வாசகி, நெல்லித்தோப்பு, புதுச்சேரி

அதே கணக்குத்தான். டிசம்பர் 25-ஐ ஒன்று என்று வைத்து எண்ணுங்கள், ஜனவரி 1 எட்டாகும். இயேசுவுக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் நடந்தது லூக்கா 2:21-இல் இருக்கிறது. 1969-இல் வந்த கத்தோலிக்க நாட்காட்டியிலிருந்து அந்த நாள் இறைவனின் தாய் மரியாளின் பெருவிழா.

யார், எப்படிச் செய்கிறார்கள்? வாயால் ரத்தத்தை உறிஞ்சுவார்கள் என்பது உண்மையா?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

செய்பவர் மோகேல். இதற்கென்றே பயின்றவர், டாக்டராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையை மடியில் பிடிப்பவர் சந்தேக், பெரும்பாலும் தாத்தா. பக்கத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு என்று ஒரு நாற்காலி காலியாக இருக்கும்.

வேலை மூன்று கட்டம். முன்தோலை இழுத்து, நடுவே பிளவுள்ள உலோகத் தகட்டில் நுழைத்து, தகட்டை ஒட்டி இருபுறமும் கூரான கத்தியால் ஒரே வெட்டு. ஆண்குறியின் மொட்டு தகட்டுக்குக் கீழே பத்திரமாக இருக்கும். ஆனால் பிறந்த பிள்ளைக்கு உள்தோல் மொட்டோடு ஒட்டியிருக்கும். அதைச் சரியாக விடுவிக்காமல் இழுத்தால் மொட்டின் நுனியும் பிளவில் ஏறிவிடும். பெரிய விபத்து இப்படித்தான் வருகிறது. அடுத்தது, மிஞ்சிய மெல்லிய உள்சவ்வைக் கிழித்து மொட்டின் விளிம்புக்குப் பின்னால் மடிப்பது. பழைய மோகேல்கள் இதற்கென்றே கட்டைவிரல் நகத்தைக் கூராக வைத்திருப்பார்கள். இதை அரைகுறையாக விட்டால் தோல் மறுபடி மொட்டில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்டது. உண்மை. உறிஞ்சாத மோகேலை நீக்கிவிடு என்கிற அளவுக்குத் தல்மூத் கண்டிப்பு. அந்தக் காலத்தில் அதை வைத்தியமாகவே நினைத்தார்கள். வாயில் ஹெர்பிஸ் கிருமி உள்ளவர் உறிஞ்சினால் சிசு பிழைப்பது அரிது என்ற நிலைகூட வரலாம். 1837-லேயே பிரஸ்பர்க் (இன்றைய பிராட்டிஸ்லாவா) ரபி, அதாவது யூத மதகுரு, ஹத்தம் சோஃபர் பஞ்சால் ஒற்றினால் போதும் என்றார். இன்று பலர் கண்ணாடிக் குழாய் வைத்து உறிஞ்சுகிறார்கள், அல்லது துணியால் ஒற்றுகிறார்கள். வாயால்தான் என்று நிற்பவர்கள் தீவிர மரபினரில் ஒரு பகுதி. நியூயார்க் நகரம் 2012-இல் பெற்றோரிடம் எழுத்துமூலம் சம்மதம் கேட்டது, 2015-இல் அதைக் கைவிட்டது. கைவிட்டிருக்கக் கூடாது.

பிறகு வாசலின் தடவிய துணிக்கட்டு, நாக்கில் ஒரு சொட்டு திராட்சரசம், பெயர் சூட்டல். இரண்டு மூன்று நாளில் மொட்டின் மேல் மஞ்சளாகப் படிவது சீழ் அல்ல, புண் ஆறுகிற அடையாளம், சுரண்டக் கூடாது. கட்டை மீறி ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் ஆஸ்பத்திரி. பெரும்பாலும் மொட்டின் கீழ்ப்புறத்தைத் தோலோடு இணைக்கும் குறுநாணில் உள்ள ரத்தக்குழாய்தான் காரணம்.

ஜெர்மனியில் தடை செய்தார்களாமே? யூதர்களே எதிர்க்கிறார்களா?
— வாசகர், லாஸ்பேட்டை

தடை நிலைக்கவில்லை. கொலோன் நீதிமன்றம் 2012-இல் இதை உடற்காயம் என்றது. அந்த வழக்கு ஒரு முஸ்லிம் பையனுடையது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அனுமதித்தது. முதல் ஆறு மாதத்துக்குள் என்றால் பயிற்சி பெற்ற மதத்தவரும் செய்யலாம். யூதர்களிடையே எதிர்ப்பு புதிதல்ல, 1840-களிலேயே பிராங்பர்ட்டில் சில தகப்பன்மார் மறுத்தார்கள். இன்றும் சிலர் வெட்டாமல் பெயர் மட்டும் வைக்கிறார்கள். கோயிலுக்கே போகாத இஸ்ரேலியர்களிலும் பெரும்பாலோர் பிள்ளைக்குச் செய்துவிடுகிறார்கள்.

தங்கை மகனுக்கு மூத்திரத் துவாரம் நுனியில் இல்லாமல் கீழே இருக்கிறது. சுன்னத்தை இப்போதே முடித்துவிடலாமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

கூடவே கூடாது. துவாரத்தைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்த முன்தோலே தேவைப்படலாம், வெட்டிவிட்டால் வேலை சிக்கலாகும். ஜிப்மரில் குழந்தை அறுவைப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே காட்டுங்கள். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் சரிசெய்வார்கள், சுன்னத்தும் அதிலேயே முடிந்துவிடும்.