ஹாலிவுட் படங்களைக் கேசட்டாக விற்கும் தொழில் யாரால் தொடங்கியது?

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை முழுக்க உறவினரின் வீடியோ லைப்ரரியில் உட்கார்ந்திருந்தேன். டெக்கை, அதாவது கேசட்டைப் போட்டு டிவியில் படம் பார்க்கும் கருவியை, வாடகைக்கு எடுத்து விடிய விடிய நான்கு படம் பார்த்துவிட்டு, காலையில் சிவந்த கண்ணோடு கேசட்டைத் திருப்பித் தருவார்கள். ரீவைண்ட் செய்து தந்தவர் அபூர்வம். சொந்தமாக வாங்குகிறேன் என்று வந்தவர் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் ஆந்த்ரே ப்ளேயின் கதை எனக்குப் பிடிக்கும். மனிதர் விற்பதற்காகத்தான் இறங்கினார்.

ப்ளே சினிமாக்காரர் அல்ல. ஹாலிவுட்டிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மிச்சிகன் மாநிலத்து ஃபார்மிங்டன் ஹில்ஸில் மேக்னெட்டிக் வீடியோ என்ற நிறுவனத்தை நடத்தியவர். டேப்களைப் பிரதி எடுத்துத் தருவதுதான் அங்கே பிழைப்பு. அப்போது பீட்டாமேக்ஸ், விஎச்எஸ் என்ற இரண்டு வகை டெக்குகள் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. வெற்று டேப்பில் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வதுதான் பெரும்பாலும் அவற்றுக்கு வேலை. அதற்கே யுனிவர்சல், டிஸ்னி ஸ்டூடியோக்கள் 1976இல் பீட்டாமேக்ஸைத் தயாரித்த சோனிமீது வழக்குப் போட்டிருந்தன.

அந்தச் சூழலில் ப்ளே ஸ்டூடியோக்களுக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் படங்களைக் கேசட்டில் விற்க உரிமை தருகிறீர்களா? டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் மட்டும் இறங்கி வந்தது. 1977இல் ஒப்பந்தம். 50 படங்கள், முன்பணம் 3 லட்சம் டாலர், அதற்கு மேல் கேசட்டுக்கு ஏழரை டாலர் ராயல்டி. ஏற்கெனவே டிவியில் ஓடி முடிந்த படங்கள்தான். கறந்து முடித்த மாட்டுக்கு யாரோ காசு தருகிறேன் என்கிறார், வந்தவரை லாபம் என்றுதான் ஃபாக்ஸ் நினைத்திருக்கும்.

கேசட் விலை சுமார் 50 டாலர். அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. ப்ளே ஒரு வீடியோ கிளப் தொடங்கி, டிவி கைடு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். உறுப்பினர் கட்டணம் 10 டாலர். சுமார் 13,000 பேர் சேர்ந்தார்கள்.

அப்புறம்தான் வேடிக்கை. லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் அந்த 50 படங்களையும் வாங்கி, வில்ஷயர் பூலவார்டில் சின்னக் கடை போட்டு வாடகைக்கு விட ஆரம்பித்தார். ஸ்டூடியோக்காரர்களுக்கு எரிச்சல்தான், ஆனால் என்ன செய்ய முடியும்? காசு கொடுத்து வாங்கிய பிரதியை வாங்கியவர் வாடகைக்கு விடலாம் என்று அமெரிக்கச் சட்டமே இடம் தருகிறது. நான் உட்கார்ந்திருந்த கடை மாதிரியான கடைகள் அங்கே பெருகின. ஒவ்வொரு கடையும் கேசட் வாங்கியாக வேண்டுமே! ப்ளே மனதில் வைத்திருந்தது வீட்டுக்காரர்களை. மொத்தமாக வாங்கியதோ வாடகைக் கடைக்காரர்கள்.

1979இல் ஃபாக்ஸ் அவருடைய நிறுவனத்தையே 72 லட்சம் டாலருக்கு வாங்கியது. தன் பழைய படங்களை விற்றுக்கொடுத்தவரிடமிருந்து அந்தக் கடையையே விலைக்கு வாங்கியதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. ப்ளே சில காலம் அங்கேயே இருந்துவிட்டு விலகி, எம்பசி என்ற பட நிறுவனத்தின் வீடியோ பிரிவை நடத்தப் போனார். பிறகு படத் தயாரிப்பிலும் கால்வைத்தார். ஜான் கார்பென்டர் இயக்கி 1988இல் வந்த 'தே லிவ்' படத்தின் டைட்டிலைக் கவனித்தால், நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவராக அவர் பெயர் வரும்.