காய்ச்சலை விடுங்கள், காதைப் பாருங்கள்

கேள்வி: கர்ப்பத்தின் ஐந்தாம் மாதம் எனக்கு நான்கு நாள் கடும் காய்ச்சல். டாக்டர் சொன்னபடி பாராசிட்டமால் சாப்பிட்டேன். ஏழாம் மாதம் சர்க்கரையும் வந்து, பிரசவத்தோடு சரியாகிவிட்டது. மகனுக்கு இப்போது ஒரு வயது பத்து மாதம். நான்கைந்து வார்த்தைதான் பேசுகிறான். எதிரில் நின்று பேசினால் புரிந்துகொள்கிறான். பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. பிறந்தபோது செய்த காது பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. வானத்தில் விமானத்தைப் பார்த்தால் விரல் நீட்டிக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். பல் தாமதமாக முளைத்தது, தூக்கத்தில் தலை வியர்க்கிறது. கர்ப்பகாலக் காய்ச்சலால் ஆட்டிசம் வரும், பாராசிட்டமால் மூளையைக் கெடுக்கும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மூளை வளர்ச்சிக்கான சிரப் ஒன்றை வாங்கிக் கொடுத்து வருகிறேன். என்னால்தான் இவனுக்கு இப்படி ஆனதா?

பதில்: இல்லை அம்மா. நீங்கள் தவறு செய்தீர்கள் என்று சொல்ல உங்கள் கடிதத்தில் எதுவுமே இல்லை. காய்ச்சல் வந்தது, டாக்டரைப் பார்த்தீர்கள், சொன்ன மாத்திரையைச் சாப்பிட்டீர்கள். வேறென்ன செய்திருக்க முடியும்?

ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எதிரில் நின்றால் புரிகிறது, பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. உங்கள் முகத்தையும் உதட்டையும் கையசைவையும் வைத்தே அவன் பேச்சைப் பிடித்துக்கொள்கிறானோ என்பதுதான் என் சந்தேகம். இரண்டு வயதை நெருங்கும் குழந்தை ஐம்பது சொல் வரை பேசும், இரண்டிரண்டு சொல்லாகச் சேர்க்கவும் தொடங்கும். நான்கைந்து சொல் என்பது குறைவு. பேச்சு தாமதமான எந்தக் குழந்தைக்கும் முதலில் பார்க்க வேண்டியது காதுதான். இந்த வாரமே பாருங்கள்.

பிறந்தபோது சரியாக இருந்ததே என்பீர்கள். அன்றைக்குக் கேட்டது என்பதற்கு மட்டும்தான் அந்தச் சீட்டு சாட்சி. காது பிறகும் மங்கலாம். சைட்டோமெகலோ என்று ஒரு வைரஸ் உண்டு. கர்ப்பிணிக்கு வந்தால் சாதாரணக் காய்ச்சல் போல இருக்கும், பல பேருக்கு அதுகூட இருக்காது. கருவில் அந்தத் தொற்று ஏற்பட்ட குழந்தைகளில் சிலர் பிறந்தபோது நன்றாகக் கேட்டு, மாதங்களோ வருடங்களோ கழித்துக் கேட்கும் திறனை இழப்பார்கள். உங்களுக்கு வந்தது அதுதான் என்று நான் சொல்லவில்லை. பிறந்து மூன்று வாரம் தாண்டிவிட்டால், தொற்று கருவிலேயே வந்ததா, பிறகு ஒட்டியதா என்று பிரித்துச் சொல்வதே கடினம். வெறும் சளியால் நடுக்காதில் நீர் கோத்திருக்கவும் வாய்ப்பு அதிகம், அதைச் சரிசெய்துவிடலாம்.

கர்ப்பகால நோயின் விளைவு தாமதமாகத் தெரிவது புதிதல்ல. 1941-ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்களை விசாரித்து, பெரும்பாலானவர்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா அம்மை வந்திருந்ததைக் கண்டுபிடித்தார். கண் உடனே தெரிந்தது, இதயக் கோளாறும் தெரிந்தது. அதே குழந்தைகளில் பலருக்குக் காது கேட்கவில்லை என்பது, அவர்கள் வளர்ந்து பேச்சு வராதபோதுதான் புரிந்தது.

வீட்டில் கைதட்டிப் பார்த்துவிட்டு 'கேட்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு தாய் என் எதிரிலேயே குழந்தையின் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். குழந்தை சட்டென்று திரும்பியது. அவர் கை அசைந்தது எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. கையை மறைத்து ஆட்டச் சொன்னேன், குழந்தை திரும்பவில்லை. தட்டு கீழே விழுந்தால் திடுக்கிடும் குழந்தைக்கும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம்.

மூளை மொழியை வேகமாகப் பிடிக்கும் வயது இது. காதில்தான் குறை என்றால் காது கேட்கும் கருவியோ, தேவைப்பட்டால் உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் சிகிச்சையோ, கூடவே பேச்சுப் பயிற்சியோ எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. 'பையன்கள் தாமதமாகத்தான் பேசுவார்கள்' என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயங்கள். பாராசிட்டமால் பற்றி ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் வெளியானது. ஒரே தாய்க்குப் பிறந்த குழந்தைகளை ஒப்பிட்டபோது, மாத்திரைக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. நீங்களாகவே வேறு வலி மாத்திரை வாங்கிப் போட்டிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஐபுபுரூஃபன் போன்றவை 20 வாரத்துக்குப் பிறகு கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கடும் காய்ச்சலுக்கு நாங்கள் அதிகம் பயப்படுவது தொடக்க வாரங்களில். மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் கருவின் நரம்புக் குழாய் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். உங்களுக்குக் காய்ச்சல் வந்தது அதற்கு வெகுநாள் கழித்து. கர்ப்பகாலத் தொற்றையும் ஆட்டிசத்தையும் சேர்த்துப் பேசும் ஆய்வுகள் லட்சக்கணக்கானவர்களின் சராசரியைச் சொல்கின்றன. அதை எடுத்து உங்கள் மகன் தலையில் எழுதுவது இணையம் செய்யும் அநியாயம்.

ஆட்டிசம் இருக்கவே இருக்காது என்றும் நான் சொல்லவில்லை. விமானத்தைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானே, அது நல்ல அறிகுறி. காது சரியாக இருந்தாலும் பேச்சு தாமதத்துக்காகக் குழந்தை வளர்ச்சி நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பல், வியர்வை இரண்டையும் மறந்துவிடுங்கள். சிரப்பை இன்றே நிறுத்துங்கள். பேச்சை வரவழைக்கும் சிரப் எதுவும் கிடையாது. அதைக் கொடுத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு நஷ்டம்.

சர்க்கரை பிரசவத்தோடு போய்விட்டது என்கிறீர்கள். பிறகு ரத்தப் பரிசோதனை செய்தீர்களா? கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மகனுக்கு இதற்காக இப்போது எந்தப் பரிசோதனையும் வேண்டாம். வளர வளர எடை கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

காது பரிசோதனைக்குப் போகும்போது கர்ப்பகால ஃபைலையும் பிறந்தபோது கொடுத்த சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பையனுக்குச் சளி இருந்தால் அதைச் சொல்லுங்கள். ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் பெரா பரிசோதனையைத் தூக்கத்தில்தான் எடுப்பார்கள். அதனால் அன்று மட்டும் பகல் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு, தூக்கக் கலக்கத்தோடு அழைத்துப் போங்கள்.