ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி?

கேள்வி: அக்கா, எனக்கு 22 வயது. எட்டு வயதிலிருந்து பதினெட்டு வரை சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தேன். இப்போது சேலத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன் வேலை, லேடீஸ் ஹாஸ்டல் வாசம். எனக்குப் பின்னால் இல்லத்தை விட்டு வந்த பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருத்தி போன் போட்டு, "அக்கா, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்?" என்கிறாள். இன்னொருத்தி ஹாஸ்டல் அட்வான்ஸ் கட்ட 7,000 ரூபாய் வாங்கினாள். அதோடு போனை எடுப்பதில்லை. வருகிற மே மாதம் ஒரு தங்கை பிளஸ் டூ முடித்து வெளியே வருகிறாள். "உன்னோடதான் இருப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை சந்திக்கலாமா என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. எனக்கே யாரும் இல்லாதபோது நான் எத்தனை பேருக்கு அக்காவாக இருக்க முடியும்? விலகிவிட்டால் பாவமா?
பெயர் வேண்டாம், சேலம்.

பதில்: அக்கா என்று எழுதிவிட்டாய், அதனால் நீ என்றே பேசுகிறேன் கண்ணு.

முதலில் அந்த அரிசிக் கேள்வி. உன் கடிதத்தை மடித்து வைத்த பிறகும் அதுதான் காதில் நின்றது. அறுபது பேர் சமையலுக்கு வெங்காயம் உரித்துப் பழகிய கை, ஒரு ஆளுக்கு உலை வைக்கத் தெரியாமல் நிற்கிறது. வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கும் இது தெரியாதுதான். அவள் அம்மாவுக்குப் போன் போடுவாள், அம்மா சிரித்துவிட்டுச் சொல்வாள். இல்லத்தில் வளர்ந்தவள் அதை அறைத்தோழியிடம் கேட்டால், "இதுகூடத் தெரியாதா, உங்க வீட்ல என்னதான் பண்ணினே?" என்று திரும்பி வரும். அதற்குப் பதில் சொல்ல எட்டு வயதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உன்னிடம் கேட்டால் கதை சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் பதினொரு மணிக்கும் உன் நம்பர். (முக்கால் டம்ளர் என்று சொல்லியிருப்பாய். அரை டம்ளர் போதும் என்பவர்கள் நாள் முழுக்க நின்று வேலை பார்க்காதவர்கள்.)

நான் இல்லத்தில் வளர்ந்தவள் இல்லை. ஏற்காட்டில் பள்ளி விடுதியில் ஆறு வருஷம் இருந்தேன். தீபாவளிக்கு முதல் நாள் அப்பா இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பஸ்ஸில் குமட்டிக்கொண்டு வந்து நிற்பார். ஒரு வருஷம், எங்கள் வகுப்பில் ஒரு பெண் மட்டும் பெட்டி கட்டாமல் உட்கார்ந்திருந்தாள். "நீ எப்போ போறே?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று. உனக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். அந்த நொடியைத்தான் இந்தப் பிள்ளைகள் உன்னிடம் தேடி வருகிறார்கள். என்னைப் போன்றவர்கள் எவ்வளவு நல்ல மனசோடு வந்தாலும் அதைக் கொடுக்க முடியாது.

சரி. ஆனால் அரிசிக் கேள்வியையும் ஏழாயிரத்தையும் "உன்னோடதான் இருப்பேன்" என்பதையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்திருக்கிறாயே, அதைப் பிரித்துப் போடு. முதலாவது உன்னால் முடிகிற காரியம். மற்ற இரண்டும், கூரையும் காசும், உன் பொறுப்பே இல்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 46. இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியே வருகிறவர், வெளி உலகத்தில் காலூன்ற நிதி உதவி பெறலாம் என்கிறது அது. பிற்காப்பு என்று நம் அலுவலகங்களில் சொல்வார்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய், 21 வயது வரை. தேவை இருந்தால் 23 வரை நீட்டிக்கலாம். உனக்கே இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது, கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் ஒன்றைக் கவனி. சட்டத்தில் இருப்பது "வழங்கலாம்" என்ற சொல். "வழங்கியே ஆக வேண்டும்" என்று இல்லை. இந்த ஒரு விகுதியில்தான் பல பிள்ளைகளின் நாலாயிரம் மாட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டவருக்குக் கிடைக்க வழியுண்டு, கேட்காதவரை யாரும் தேடி வரமாட்டார்கள்.

மே மாதத் தங்கைக்கு இப்போதே வேலை ஆரம்பிக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கான மத்திய அரசின் மாதிரி விதிகள்படி, பிள்ளை இல்லத்தை விட்டுப் போவதற்கு இரண்டு மாதம் முன்பே, அதற்குப் பிறகு அவள் எங்கே, எப்படி இருப்பாள் என்ற திட்டத்தை எழுதி, இல்லப் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுத்திருக்க வேண்டும். "எனக்கு அந்தத் திட்டம் எழுதியாச்சா?" என்று இல்ல நிர்வாகியிடம் அவளே கேட்கட்டும். நீ கேட்டால் வெளி ஆள் தலையிடுகிறாள் என்று ஆகும். அவள் கேட்டால் உரிமை. தங்குவதற்கு, சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டால் சேலத்திலேயே வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். உன் ஹாஸ்டல் கட்டிலில் அவளுக்குப் பாதி கொடுத்தால் வார்டன் ரெண்டு பேரையும் வெளியே அனுப்புவார், அதுதான் நடக்கும்.

அப்புறம் காகிதங்கள். ஆதார், பிறப்புச் சான்று, மாற்றுச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக், இல்லத்தில் இத்தனை வருஷம் இருந்தாள் என்பதற்கான கடிதம். வெளியே வந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் அலைவதைவிட, உள்ளே இருக்கும்போதே கையில் வாங்குவது சுலபம். சாதிச் சான்றிதழில் நிறையப் பேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள், அப்பா சாதி என்ன என்றே தெரியாத பிள்ளைகள். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இவர்களுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். இ-சேவை மையத்தில் இருப்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். பட்டியலை அச்செடுத்துக் கையோடு கொண்டு போகச் சொல். உங்கள் ஆறு பேரில் யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால், அவள் கூடப் போனால் போதும்.

அந்த ஏழாயிரம். போனது போனதுதான் என்று எழுதிவிடு, கஷ்டம்தான். அவள் ஏமாற்றுக்காரி என்று நான் நினைக்கவில்லை. திருப்பித் தர முடியாத வெட்கத்தில்தான் போனை எடுக்காமல் இருப்பாள். "காசு வேண்டாம், நீ எங்கே இருக்கே?" என்று ஒரு மெசேஜ் போட்டு வை. இனிமேல் கடன் கொடுக்காதே. கொடுத்தால் திரும்பி வராவிட்டாலும் உன் மாதம் ஓடுகிற அளவுக்குக் கொடு, "இது கடன் இல்லை" என்று சொல்லியே கொடு. இருநூறோ ஐந்நூறோ போதும். குழுவில் சீட்டு, உண்டியல் எதையும் இப்போதைக்கு ஆரம்பிக்காதீர்கள். ஆறு பேர் குழு உடைய ஒரு மாதக் கணக்கு இடித்தால் போதும்.

சந்திப்பு என்றால் உடனே தலைவி, செயலாளர், பெயர்ப்பலகை என்று போய்விடாதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, அண்ணா பூங்காவில் நாலு மணிக்கு உட்காருங்கள். மலையில் வேலை பார்க்கிற பிள்ளை யாராவது இருந்தால் அவள் ஏற்காடு பஸ் பிடிக்கிற நேரத்தை வைத்து முடியுங்கள். ஒவ்வொருத்தியும் அந்த மாதம் தெரியாமல் முழித்த ஒரு விஷயத்தைச் சொல்லட்டும்: கேஸ் புக் செய்வது, சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தது, மேனேஜர் கத்தினால் அழாமல் நிற்பது. தெரிந்தவள் சொல்லித் தரட்டும். அப்புறம் ஆளுக்கு ஒரு தட்டுவடை செட், அவரவர் காசில். முக்கியமாக, சந்திப்பைக் கூட்டுகிற வேலை மாதா மாதம் கை மாற வேண்டும். எப்போதும் நீயே கூப்பிட்டால் மறுபடி நீ அக்கா, மற்றவர்கள் குழந்தைகள். அரிசி கேட்டாளே, அவளையும் ஒரு மாதம் கூட்டச் சொல். கேட்கிற இடத்திலேயே இருப்பவளுக்குக் கூச்சம் போகாது. இன்னும் இல்லத்துக்குள் இருக்கும் சின்னப் பிள்ளைகளை மட்டும் நீங்களாகப் போய்ப் பார்க்க வேண்டாம். நிர்வாகியிடம் கேட்டு, அவர் முன்னிலையில்.

ஒரே ஒரு சந்திப்பு மட்டும் தவறக் கூடாது, தீபாவளி. ஹாஸ்டலில் மெஸ் மூடிவிடுவார்கள், காரிடார் விளக்குகூட அணைந்திருக்கும், "ஊருக்குப் போகலையா?" என்று வாட்ச்மேன் வரை கேட்பார். ஐப்பசி பிறக்கும்போதே, யார் அறையில், யார் என்ன சமைப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். அன்றைக்கு ஆறு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று கேட்டால் யாருக்கும் தடுமாற்றம் இருக்காது என்று நம்புகிறேன்.

ராத்திரி போன்களுக்கு நேரம் வை. ஒன்பதரைக்கு மேல் மெசேஜ் மட்டும், பதில் காலையில். முதல் வாரம் கோபித்துக்கொள்வார்கள், அப்புறம் பழகிவிடும். ஆனால் "செத்துடலாம்னு இருக்கு" என்று ஒருத்தி சொன்னால் இந்த விதி கிடையாது. "யார்கிட்டயும் சொல்லாதே" என்ற சத்தியமும் அங்கே செல்லாது. மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். அவளோடு பேசிக்கொண்டே, இன்னொருத்தியை அவள் இருக்கும் இடத்துக்கு அனுப்பு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் 108. யாராவது அடிக்கிறான், தொந்தரவு செய்கிறான் என்றால் பெண்கள் உதவி எண் 181. நீ மட்டும் தனியாக விடிய விடிய அதைத் தூக்கிச் சுமக்காதே.

விலகினால் பாவமா என்று கேட்டாய். ஒரு மாதம் போனை எடுக்காமல் தூங்க வேண்டும் போல இருந்தால் தூங்கு, சொல்லிவிட்டுத் தூங்கு. சொல்லாமல் காணாமல் போவதுதான் இந்தப் பிள்ளைகளை உலுக்கும், அவர்கள் ஏற்கெனவே அதைப் பார்த்தவர்கள். "எனக்கே யாரும் இல்லாதபோது" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மற்ற ஐந்து பேரிடமும் சொல்லியிருக்கிறாயா? சொல்லவில்லை என்று என் ஊகம். முதல் ஞாயிற்றுக்கிழமை நீ அதைச் சொல்லித் தொடங்கு.

மே மாதத் தங்கைக்கு ஒன்றை மறந்துவிடாதே. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று அங்கேயே கேட்டால் காட்டுவார்கள். பிற்காப்பு உதவி கேட்கும் மனுவை அவள் கையெழுத்தில் ரெண்டு பிரதி எழுதச் சொல், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் முத்திரை வாங்கிக்கொள்ளட்டும். உனக்கு அன்று டூட்டி என்றால் ஆறு பேரில் லீவு உள்ளவள் கூடப் போகட்டும்.