மவுஸை அசைத்தால் நிற்கிற கீச் சத்தம்

தம்பி, கரண்டு போய் லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது காதோரக் கொசு மாதிரி கீச்சென்று கேட்கிறது, மவுஸை அசைத்தால் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் ஃபேனைக் கழற்ற வேண்டாம். பிராசசருக்குக் கரண்டு கொடுக்கும் சின்னக் காயில்கள், அதாவது கம்பிச் சுருள்கள்தான் பாடுகின்றன.

வேலை இல்லாதபோது பிராசசர் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை தூங்கி விழிக்கும். கரண்டும் அதே வேகத்தில் ஏறி இறங்க, காயில் அதிரும். ஆபத்தில்லை, எரிச்சல்தான்.

யாங்கூனில் எனக்கும் இதே கதை. தெரு ஜெனரேட்டர்கள் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. அவை அடங்கினால் இது ஆரம்பிக்கும். கடையில் மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள். நல்லவேளை, மாற்றவில்லை.

பயாஸில் (லேப்டாப் ஆன் ஆனதும், விண்டோஸுக்கு முன்பே திறக்கும் செட்டிங்ஸ்) 'சி ஸ்டேட்ஸ்' இருந்தால் அணைத்துப் பாருங்கள்; பிராசசரின் அந்தத் தூக்க நிலைகளுக்குத்தான் அந்தப் பெயர். எனக்குச் சத்தம் அன்றே நின்றது. ஆனால் மடியில் வைக்க முடியாத சூடு, பேட்டரியும் சீக்கிரம் தீரும். கரண்டு வெட்டுகிற ஊரில் அது பெரிய விலை. அதனால் சார்ஜ் கிடைக்காத நாட்களில் சி ஸ்டேட்ஸைத் திரும்பப் போட்டுவிட்டு, ஓரமாக ஒரு பாட்டை ஓட விடுகிறேன்; பிராசசர் ஆழ்ந்து தூங்காது, கீச்சும் பாதி குறையும்.

விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் குறைந்தபட்ச பிராசசர் நிலையை 100 சதவீதம் ஆக்கச் சொல்வார்கள். அது வேகத்துக்கானது, தூக்கத்துக்கல்ல. வேலை அதிகமாகும்போது மட்டும் கத்தினால், அங்கேயே அதிகபட்சத்தை 99 ஆக்குங்கள்; டர்போ, அதாவது பிராசசர் வழக்கத்தைவிடக் கூடுதல் வேகம் எடுப்பது, நின்றுவிடும். உங்களுடையது அந்த ரகம் இல்லை. பயாஸில் 'சி ஸ்டேட்ஸ்' வரியே காணோம் என்றால் மாடலைச் சொல்லுங்கள்.